ஹால் பூட்டிக் கிடந்தால் சங்கக் கூட்டம் நடத்துவது எப்படி

எங்கள் வரி ஆலோசகர் சங்கத்தின் மதுரைக் கிளைக்கு 2019-இல் நான் செயலாளர் ஆனேன். ஒரு வருஷப் பொறுப்பு என்றுதான் சொன்னார்கள். நடுவில் கொரோனா புகுந்து 2022 வரை இழுத்துவிட்டது. இப்போது பொறுப்புக்கு வந்திருக்கும் தம்பி, "அக்கா, அந்த ரெண்டு வருஷமும் கூட்டத்தை எப்படி நடத்துனீங்கன்னு எழுதிக் கொடுங்க, ரிஜிஸ்டர்ல ஒட்டி வெச்சுக்கிறேன்" என்றார். ஒட்டி வைக்கிற அளவுக்குச் சுருக்கி எழுத எனக்கு வராது. வேறு ஊர்க் கிளைக்காரர்களுக்கும் ஆகட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன். தொற்றுதான் வர வேண்டும் என்றில்லை, ஏதோ ஒரு காரணத்துக்கு ஹாலைப் பூட்டினால் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நின்றுபோனது எது என்று பாருங்கள்

எங்கள் கூட்டம் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை 6 மணிக்கு, ரயில் நிலையத்தின் பக்கத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் நடக்கும். 2020 மார்ச் 14-தான் கடைசி. 22 அன்று மக்கள் ஊரடங்கு, 24 மாலை தமிழ்நாட்டில் 144, 25 முதல் நாடு முழுக்கப் பூட்டு. ஏப்ரல் மாதம் நாங்கள் கூட்டம் என்று எதுவும் செய்யவில்லை. வாட்ஸ்அப்பில் அறிவிப்புகளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம். டியூ டேட், அதாவது வரிக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதி, எல்லாம் மாறிக்கொண்டே இருந்த நேரம். ஒரே அறிவிப்பை ஏழு பேர் அனுப்புவார்கள், எட்டாவது ஆள் அது பழைய அறிவிப்பு என்பார்.

அந்த மாதம் எனக்கு வந்த போன்களில் ஒருவர்கூட "சொற்பொழிவு இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்லவில்லை. மேலூரிலிருந்து ஒரு அண்ணன், "ஒரு நோட்டீஸ் வந்திருக்கும்மா, ரெண்டாம் சனிக்கிழமைக்கு வந்து பெரியவர்கிட்ட காமிக்கலாம்னு வெச்சிருந்தேன்" என்றார். அப்போதுதான் உறைத்தது. அந்த அண்ணன் எப்போதும் ஐந்தரைக்கே வந்துவிடுவார். சட்டைப் பையில் நாலாக மடித்த நோட்டீஸ். காபி டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, தாளைப் பிரித்து, மடிப்பை உள்ளங்கையால் தேய்த்து நீவி, எங்கள் மூத்த உறுப்பினர் முன்னால் நீட்டுவார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிப்பார். அதற்குள் நாலு பேர் சுற்றி நின்றுவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மேலூரிலிருந்து பஸ் ஏறி வருவது. பேச்சாளர் பேசும்போது பாதி நேரம் தூங்கிவிடுவார், பாவம்.

ஆகவே முதல் வேலை: ஒரு தாளை எடுத்து, உங்கள் கூட்டத்துக்கு யார் எதற்காக வருகிறார்கள் என்று பெயர் பெயராக எழுதுங்கள். சந்தேகம் கேட்க, புதுப் பார்ட்டி (எங்கள் பேச்சில் வாடிக்கையாளர்) பிடிக்க, வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம் தப்பிக்க, வடை சாப்பிட என்று வரும். சொற்பொழிவை ஆன்லைனில் கொண்டுவருவது சுலபம். மற்றவற்றுக்குத்தான் மண்டையை உடைக்க வேண்டும்.

கல்யாணம் பார்த்தவருக்குக் கூட்டம் பார்க்கத் தெரியும்

"ஆன்லைனா? நமக்கெல்லாம் வராதும்மா." அறுபது வயது தாண்டிய உறுப்பினர்கள் எல்லோரும் சொன்ன பதில் இது. எனக்கும் நம்பிக்கை இல்லைதான். மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே நடந்தது, இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். காலையிலேயே என் மாமியார் குளித்து, பட்டுக் கட்டி, போனைச் சாமி அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டார். லிங்க்கை அவருக்கு அனுப்பியது உசிலம்பட்டியில் இருக்கும் அவர் தங்கை. அங்கே அம்மனுக்கு மங்கல நாண் ஏறிய அதே நிமிடத்தில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டோம். சாயங்காலம் எதிர்வீட்டு அக்காவிடம் மாமியார், "இந்த வருசம் கல்யாணத்தை முன் வரிசையில உக்காந்து பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எனக்கு இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, தயங்கியவர்களுக்கு வாதம்: "அண்ணே, கல்யாணம் பார்த்தீங்கள்ல, அதே போன்தான், அதே விரல்தான்." இதற்கு யாரிடமும் பதில் இல்லை. இரண்டாவது கொஞ்சம் பெரியது. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் அது டிவி. கயிறு மாற்றியதால்தான் அது எங்கள் வீட்டுத் திருவிழாவாக ஆனது. பிறகு நாங்கள் நடத்திய எல்லாக் கூட்டத்திலும், வந்தவர் கையால் செய்ய ஒரு வேலை வைத்தோம். வைக்க மறந்த கூட்டங்களில் இருபதாவது நிமிடம் கேமரா ஒவ்வொன்றாக அணையும்.

இணைக்கும் வேலை

தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். எங்கள் தொழிலில் 11, 20, 22 ஆகியவை ஜிஎஸ்டி டியூ டேட், அவற்றை ஒட்டிக் கூடியமட்டும் எதையும் வைக்கக் கூடாது. இரவு ஏழரைக்கு வைத்துப் பார்த்தோம், பெண் உறுப்பினர்கள் அடுப்படியிலிருந்து பேசினார்கள். ஞாயிறு காலை வைத்தால் ஆண்கள் கறிக்கடை வரிசையிலிருந்து பேசுகிறார்கள். சனிக்கிழமை மாலை 5 மணிதான் கடைசியில் நிலைத்தது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் பேப்பரில் பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள்.

முதல் கூட்டத்துக்கு ஜூம் இலவசக் கணக்கு வைத்திருந்தோம். அதில் குழுக் கூட்டம் 40 நிமிடத்துக்குமேல் ஓடாது என்பதை நான் படிக்கவில்லை. பேச்சாளர் "ஆக, இந்த நோட்டீசுக்கு நீங்க கொடுக்க வேண்டிய பதில் என்னன்னா" என்று சொன்னதும் திரை போய்விட்டது. பதில் என்ன என்று கேட்டு ராத்திரி பத்து மணி வரை எனக்குப் போன். மாதச் சந்தா ஹால் வாடகையைவிடக் குறைவுதான், கட்டிவிடுங்கள். மத்திய உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரல் 16 அன்று ஜூம் பற்றி ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. அதில் சொன்னபடி கடவுச்சொல் வைப்பது, வெளியே காத்திருக்க வைத்து ஆள் பார்த்து உள்ளே விடுவது இரண்டையும் விடாமல் செய்தோம். உள்ளே வருபவர் தன் பெயரையும் ஊரையும் தமிழிலோ ஆங்கிலத்திலோ போட்டிருக்க வேண்டும். "ரெட்மி நோட்" என்ற பெயரில் எங்கள் கிளையில் ஒரே நாளில் ஆறு உறுப்பினர்கள் இருந்தார்கள்.

பழக்குவதற்கு வகுப்பு எடுக்காதீர்கள். ஒரு இளைய உறுப்பினருக்கு மூன்று மூத்தவர்கள் என்று பிரித்துவிடுங்கள். இளையவர் முந்தின நாள் போன் செய்து, லிங்க்கைத் தொடச் சொல்லி, ஒரு நிமிடம் முகம் பார்த்துப் பேசிவிட்டு வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. வீட்டுப் பேரன் சொல்லிக் கொடுத்தால் கோபம் வருகிறது, சங்கத்துத் தம்பி சொன்னால் வருவதில்லை.

அப்படியும் சாதாரண பட்டன் போன் மட்டுமே வைத்திருந்தவர்கள் சிலர் உண்டு. அவர்களைக் கான்ஃபரன்ஸ் காலில் நாலைந்து பேராகச் சேர்த்து, கூட்டம் முடிந்த மறுநாள் ஒரு செயற்குழு உறுப்பினர் அரை மணி நேரம் சாரத்தைச் சொல்வார். இதைச் செய்யாவிட்டால் அவர்கள் சண்டை போடமாட்டார்கள், சத்தமில்லாமல் விலகிப் போய்விடுவார்கள்.

இறைவணக்கத்தை எல்லோரும் சேர்ந்து பாட முயலவே வேண்டாம். ஆளுக்கு ஒரு நொடி பிந்திப் பாடுவது கேட்கச் சகிக்காது. ஒருவர் பாடட்டும், மற்றவர் மைக்கை அணைத்துவிட்டு வாயசைக்கட்டும்.

கைக்கு ஒரு வேலை

சொன்னேனே, இதுதான் சாரம். எங்களுக்கு நன்றாக அமைந்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

2020 ஜூன் 24 முதல் மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு. நீட்டித்து நீட்டித்து ஜூலை 14 வரை போனது. எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் மாசி வீதியிலும் டவுன் ஹால் ரோட்டிலும் பூட்டிய ஆபீசுக்குள். ஜூலை 11 கூட்டம் இந்தப் பூட்டுக்குள் விழுந்தது. வியாபாரமே நடக்காத பார்ட்டிகளுக்கு நில் ரிட்டர்னை, அதாவது எல்லாம் பூஜ்யம் என்ற ஜிஎஸ்டி கணக்கை, எஸ்எம்எஸ் மூலமே போடும் வசதி ஜூன் 8 அன்றுதான் வந்திருந்தது. சட்ட விளக்கம் எதுவும் வேண்டாம், இன்றைக்கு இதை மட்டும் செய்வோம் என்றேன். ஆளுக்கு ஒரு பார்ட்டியை இன்னொரு போனில் பிடியுங்கள், 14409-க்கு அவர் அனுப்பட்டும், நாம் வரி வரியாகச் சொல்வோம்.

முதலில் 'நில்', இடம் விட்டு '3பி' (அந்த ரிட்டர்னின் பெயர்), இடம் விட்டு ஜிஎஸ்டி எண், அப்புறம் மாதமும் வருஷமும் ஆறு இலக்கமாக. அனுப்பினால் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று திரும்ப வரும், அதை அரை மணிக்குள் உறுதி செய்து அனுப்ப வேண்டும். திருமங்கலத்து உறுப்பினர் ஒருவர் தன் பார்ட்டியான மளிகைக்கடைக்காரரை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "பூஜ்யமா, ஓவா?" என்று அந்தக் கடைக்காரர் கேட்டது முப்பத்தைந்து பேருக்கும் கேட்டது. மூன்றாவது தடவையில் ஒப்புகைச் செய்தி வந்தது. அவர் அதைச் சத்தமாக வாசித்ததும் இங்கே எல்லோரும் கை தட்டினோம். எஸ்எம்எஸ், பார்ட்டியின் பதிவு செய்த போன் எண்ணிலிருந்துதான் போக வேண்டும். பல பார்ட்டிகளுக்குப் பதிவான போன் எண் நம் எண்ணாகவே இருந்தது வேறு கதை. அதை மாற்ற வேண்டும் என்ற புத்தியும் அன்றுதான் பலருக்கு வந்தது.

வேலை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு படிவத்தைத் திறந்து ஒரு கட்டத்தை நிரப்புவது, ஒரு கணக்கைப் பேனாவால் போட்டுத் தாளைக் கேமராவுக்குக் காட்டுவது போதும். அக்டோபர் 1 முதல் சரக்கு விற்பனைக்கு டிசிஎஸ் (விற்பவரே வாங்குபவரிடம் வரியைப் பிடித்துக் கட்டும் முறை) வந்தபோது, ஐம்பது லட்சத்துக்கு மேல் எவ்வளவு, அதற்கு எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று ஒரு கற்பனை விருதுநகர் எண்ணெய் வியாபாரியை வைத்து எல்லோரையும் கணக்குப் போட வைத்தோம். நாலு விதமான விடை வந்தது. ஒரு மணி நேரப் பேச்சைவிட அந்த நாலு விடையால் தெளிந்தது அதிகம்.

காபி நேரம்

மேலூர் அண்ணனின் நோட்டீசுக்கு வழி செய்ய வேண்டுமே. கூட்டத்துக்கு அரை மணி முன்பே லிங்க்கைத் திறந்துவிட்டோம். அவரவர் வீட்டுக் காபியோடு வரலாம், தலைப்பு கிடையாது. முதல் நாள் பதினைந்து பேர் வந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசி, பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அமைதியாகிவிட்டார்கள். திரையில் ஆறேழு பேருக்குமேல் அரட்டை ஓடாது. அடுத்த மாதம் நாலு அறையாகப் பிரித்தோம்: நோட்டீஸ், ரீஃபண்ட், புதுப் பதிவு, சும்மா. எப்போதும் 'சும்மா' அறைதான் நிறைந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நோட்டீஸ் அறைக்கு ஒரு சட்டம் வைத்தோம். படம் எடுத்து அனுப்புமுன் பார்ட்டி பெயர், பான் எண், ஜிஎஸ்டி எண் மூன்றின் மேலும் ஒரு துண்டுத் தாளை வைத்து மறைக்க வேண்டும். ஹாலில் நாலு பேர் பார்த்த தாள் நாலு பேரோடு போயிற்று. வாட்ஸ்அப்பில் போட்ட தாள் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

பேச்சாளர்கள்

இங்கே நமக்கு லாபம். முன்பு சென்னையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டால் பாண்டியனில் டிக்கெட், ரூம், மறுநாள் கோயில் தரிசனம் என்று ஒரு மாதச் செலவு போய்விடும். ஊரடங்கில் கோயம்புத்தூர், சென்னை என்று பெரிய ஆட்களெல்லாம் வீட்டிலிருந்தே கிடைத்தார்கள். வருமான வரியில் அதிகாரியை நேரில் பார்க்காமல் இணையத்திலேயே நடக்கும் முகமில்லா மதிப்பீடு ஆகஸ்ட் 13 அன்று தொடங்கியபோது அடுத்த மாதமே அதற்குப் பேச்சாளர் கிடைத்தார்.

அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: இருபத்தைந்து நிமிடம் பேச்சு, மீதி கேள்வி. தமிழில் பேச வேண்டும், பிரிவு எண் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பெரும்பாலோர் போனில்தான் பார்க்கிறார்கள், ஆகவே திரையைப் பகிரும்போது எழுத்தை ஒன்றரை மடங்காவது பெரிதாக்கி, காட்டுகிற வரியை வாயாலும் வாசிக்க வேண்டும். இரண்டு பக்கத் தாள் ஒன்று முந்தின நாளே உறுப்பினர் கைக்குப் போய்விட வேண்டும். அப்புறம், திரையைப் பகிருமுன் திறந்திருக்கும் எல்லாவற்றையும் மூட வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் வரித்துறை இணையதளத்தைத் திறந்ததும் அவர் பார்ட்டிகளின் லாகின் பெயர்கள் வரிசையாகத் திரையில் இறங்கின. ஒரு உறுப்பினர், தன்னை விட்டுப் போன பார்ட்டி எங்கே போனார் என்பதை அன்று கண்டுபிடித்தார். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பொன்னாடை இல்லாமல் நம்மூரில் கூட்டம் முடியாது. கூட்டத்துக்கு நாலு நாள் முன்பு ஒரு சுங்குடிப் புடவையைக் கூரியரில் அனுப்பிவிடுவோம். பேச்சு முடிந்ததும் அவர் வீட்டு ஆள் யாராவது கேமரா முன் வந்து கொடுப்பார்கள்.

பணம்

பொருளாளர் முன்பு காபி மேஜைப் பக்கத்தில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார், தப்பிக்க முடியாது. யுபிஐ-க்கு மாறியதும் பணம் வந்தது, யார் அனுப்பியது என்று தெரியவில்லை. மகன் போனிலிருந்து, மருமகள் கணக்கிலிருந்து என்று வரும். நாங்கள் கண்ட வழி: உறுப்பினர் எண்ணைப் பைசாவாகச் சேர்த்து அனுப்புவது. எண் 37 என்றால் ஆயிரம் ரூபாய் 37 பைசா. நூறைத் தாண்டிய எண்களுக்குக் கடைசி இரண்டு இலக்கம். 37-ம் 137-ம் இடிக்கும்தான், இரண்டு போனில் தீர்ந்துவிடும். இந்தப் பைசாவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் உறுப்பினர்கள் மூன்று நாள் வாதாடினார்கள். கணக்குப் பிள்ளைகள் சங்கம் அப்படித்தான்.

பொதுக்குழு

கம்பெனிகள் காணொளியில் பொதுக்கூட்டம் நடத்தலாம் என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2020 ஏப்ரல் 8, மே 5 தேதிகளில் சுற்றறிக்கை விட்டது. அதை எடுத்து வந்து "நாமும் தேர்தலை ஆன்லைனில் முடித்துவிடலாம்" என்றார்கள். அது கம்பெனிகளுக்கு. நாம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவானவர்கள். முதலில் உங்கள் துணை விதியைப் படியுங்கள், பிறகு பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். நாங்கள் தணிக்கை செய்த கணக்கை எல்லோருக்கும் அனுப்பி ஆன்லைனில் பேசினோம், தீர்மானத்தையும் தேர்தலையும் நேரில் கூடியபோது வைத்துக்கொண்டோம். நான் மூன்று வருஷம் மாட்டிக்கொண்டது இதனால்தான்.

இரங்கல் கூட்டம்

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். ஆனால் யாரும் சொல்லித் தராத ஒன்று இதுதான்.

2021 மே 10 முதல் இரண்டாம் அலையின் முழு ஊரடங்கு. அந்த மாதம்தான், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நோட்டீஸ் படிப்பாரே, அந்தப் பெரியவர் போனார். வீட்டுக்குக்கூட யாராலும் போக முடியவில்லை.

குடும்பத்தாரிடம் கேட்காமல் தேதி குறிக்காதீர்கள். நாங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு வைத்தோம். அவர் மகனுக்கு இணைப்பில் உதவ ஒருவர் தனியாகப் போனில் இருந்தார். மாலை 6 மணிக்கு எல்லோரும் அவரவர் வீட்டில் ஒரு விளக்கு ஏற்றித் திரையில் தெரியும்படி வைக்கச் சொன்னோம். பேச்சு ஆளுக்கு இரண்டு நிமிடம், புகழுரை வேண்டாம், அவரோடு நடந்த ஒரு சம்பவம் மட்டும். இளையவர்கள் முதலில் பேசட்டும். மூத்தவர்களை முதலில் விட்டால் உடைந்துபோய்விடுகிறார்கள், பிறகு யாராலும் பேச முடிவதில்லை. மேலூர் அண்ணன் பேசவில்லை, ஒரு பழைய நோட்டீசை எடுத்துக் கேமராவுக்குக் காட்டினார். ஓரத்தில் பென்சிலில் பெரியவர் கையெழுத்து இருந்தது. பதிவு செய்ததைக் குழுவில் போடாதீர்கள். குடும்பம் கேட்டால் அவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

அடுத்த வேலை உடனே இருக்கிறது. அவர் பார்ட்டிகளுக்கும் டியூ டேட் ஓடிக்கொண்டிருக்கும். மகனிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, பட்டியலை ஐந்து பேர் பிரித்துக்கொண்டோம். இரண்டு மாதம் ரிட்டர்ன் போட்டோம், கட்டணம் அவர் வீட்டுக்கே போனது. அந்தப் பார்ட்டிகளில் ஒருவரைக்கூட யாரும் தன் பக்கம் இழுக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். ஆளுக்கு ஆள் நம்பிக்கை உண்டுதான், இருந்தாலும் கையெழுத்து வாங்குங்கள்.

திரும்ப ஹாலுக்கு

பாதி ஆள் நேரில், பாதி ஆள் திரையில் என்று நடத்துவதுதான் உள்ளதிலேயே கஷ்டம். கேமராவில் பணத்தைப் போடாதீர்கள், நல்ல மைக்கில் போடுங்கள். படம் மங்கினால் பொறுப்பார்கள், சத்தம் கேட்காவிட்டால் போய்விடுவார்கள். ஹாலில் ஒருவருக்குத் திரையில் இருப்பவர்களின் கேள்வியை எழுந்து நின்று கேட்பது மட்டுமே வேலையாக இருக்கட்டும். குளிர்சாதன அறையை விட்டுவிட்டு, கல்யாண மண்டபத்து மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்கு மாறினோம். மாலைக் காற்றுக்கு அதுவே தேவலை. வடையைப் பொட்டலமாகக் கட்டிப் போகும்போது கையில் கொடுத்தோம், முகக்கவசம் கழற்றி நின்று தின்னும் அந்த நேரத்துக்குத்தான் நாங்கள் பயந்தது.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும்போது, ரசீதின் பின்பக்கம் "அரசு உத்தரவால் ரத்தானால் முன்பணம் வேறு தேதிக்கு மாற்றப்படும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2022 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமைக்கு முழுநாள் கருத்தரங்கு வைத்திருந்தோம். 5-ஆம் தேதி, ஞாயிறுகளில் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. அன்று இரவே லிங்க் போய்விட்டது, ஒரு நாள் நிகழ்ச்சியை மூன்று மாலையாக, ஒன்றரை மணி நேரம் வீதம் உடைத்தோம். ரசீதைக் காட்டியதும் மண்டபக்காரர் மறுபேச்சில்லாமல் தேதியை மாற்றிக் கொடுத்தார். சமையல்காரருக்கு மட்டும் எல்லோருக்கும் முன்னால் போன் செய்துவிடுங்கள். அவர் வெங்காயம் வாங்கியபிறகு சொன்னால் அது நம் கணக்கு.